பூட்டிய வீட்டின் எழுநூறு யூனிட்

முப்பத்தொரு வருடம் பிறர் வீட்டு மாடிப்படிகளுக்கு அடியில் குனிந்து நின்றவன் நான். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, கொஞ்ச காலம் திருவான்மியூர், கடைசியில் மறுபடி மயிலாப்பூர். வேலை, மின்சார மீட்டரில் கணக்கெடுப்பது. சென்னையில் வீடு கட்டியவர்கள் மீட்டரை எங்கே வைக்கலாம் என்று யோசித்தபோதெல்லாம், பழைய சைக்கிள், ஒற்றைச் செருப்பு, கால் உடைந்த நாற்காலி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்ற முடிவுக்கே வந்திருக்கிறார்கள்.

சென்ற மாதம், ஓய்வூதியத்துக்காக, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதற்காகப் பழைய அலுவலகத்துக்குப் போனேன். தன் கணக்கைத் தானே அனுப்பிவிடும் மீட்டர்கள் வரப்போகின்றன என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இனி யாரும் யார் வீட்டுப் படிக்கும் கீழே குனிய வேண்டியதில்லை. இப்போது என் பகுதியைப் பார்க்கும் கீதா கேட்டாள்: "சார், அந்தப் புடவை கேஸ் நெஜமாவே நடந்துச்சா? இல்ல கேன்டீன்ல கட்டிவிட்ட கதையா?"

"என்ன சொல்றாங்க கேன்டீன்ல?"

"எட்டுப் பட்டுப் புடவைய மாடில விரிச்சு நீங்க திருடனப் புடிச்சீங்களாம்."

புடவைகள் நான்கு. பட்டு அல்ல, நூல். திருடன் யாரும் பிடிபடவில்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருந்ததால் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பிழை திருத்துவதுதான் என் முதல் வேலை. மின் அலுவலகத்துக்கு வருவதற்கு முன் ஒரு மாலைப் பத்திரிகையில் இரண்டு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். அங்கே செய்தி ஆசிரியருக்கு ஒரு கேள்விதான் தெரியும். நிருபர் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நீ பாத்தியா?" என்பார். பார்க்கவில்லை என்றால் தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார். பத்திரிகை நின்றுபோனது. நான் தேர்வு எழுதி மின் அலுவலகத்துக்கு வந்தேன். மூன்று வாரப் பயிற்சி கொடுத்தார்கள். மின்சாரத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வாரமும், மனிதர்கள் மீட்டரை எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று ஒரு வாரமும்.

கணக்கெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் டார்ச். பிறகு மீட்டரின் கண்ணாடியை இடது கையால் துடைக்க வேண்டும். வலது கையில் பேனா இருக்கும். இணைப்பு எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டு மீட்டரைப் படித்துவிட்டு வருவதே இந்தத் தொழிலின் ஆதிப் பாவம். ஈய முத்திரையின் கம்பியை விரலால் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணை இடமிருந்து வலமாக எழுதி, மறுபடி வலமிருந்து இடமாகச் சரிபார்க்க வேண்டும். இது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு வீட்டிலும்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு ஊர் எப்படி மாறுகிறது என்பது தெரியும். நான் சேர்ந்த புதிதில் மாட வீதிகளில் பல வீடுகளில் மீட்டரின் வட்டத் தகடு மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருக்கும். பிறகு குளிர்பதனப் பெட்டி வந்தது, தண்ணீர் சூடாக்கி வந்தது, ஒரு படுக்கையறைக்கு ஏசி வந்தது. பிறகு எல்லா அறைக்கும். தகடு நடந்தது, ஓடியது. பின்னர் தகடே போய், சின்ன விளக்கு மினுக்கும் மீட்டர்கள் வந்தன. பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை முதலாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நண்பகலில் இருநூறு விளக்கு எரிய விட்டிருப்பார். கேட்டதற்கு, "வெளிச்சம் கொறஞ்சா பட்டு பருத்தியாத் தெரியும் தம்பி. பருத்தி துணியாவே தெரியாது" என்றார். திருவான்மியூரில் ஒரு குடும்பம், ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதம் மாறிவிடும் என்பதற்காக, கணக்கெடுக்கும் வாரத்தில் பாட்டியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு எல்லாரும் கடற்கரையிலேயே குடியிருந்தார்கள். நான் மீட்டரைப் படித்துவிட்டுத் தெரு முனையில் திரும்புவதற்குள் மூன்று ஏசிகளும் ஒரே நேரத்தில் மூச்சுவிடும் சத்தம் கேட்கும்.

பிறகு மாடிகளில் நீல நிறப் பலகைகள் ஏறின. சூரிய மின்சாரம். முப்பது வருடம் மின்சாரத்தை வாங்குபவர்களை மட்டுமே பார்த்தவர்களுக்கு, அதைக் கொடுக்கவும் ஆள் உண்டு என்பது பழகச் சிறிது காலம் பிடித்தது. எனக்கும் பிடித்தது. மீட்டருக்கும்.

அப்போது நான் மேற்பார்வையாளர். எங்கள் பிரிவின் உதவிப் பொறியாளராக மங்கையர்க்கரசி மேடம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வயதில் என்னைவிடப் பதினைந்து இளையவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மேசையில் ஒரு பென்சில் இருக்கும். அதை பிளேடால் தானே சீவிக்கொள்வார். நாம் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் தவறு இருந்தால், அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். கடுகளவு புள்ளி. என்ன தவறு என்று எழுதமாட்டார். கேட்டால், "பாருங்க, தெரியும்" என்பார். முந்தைய அதிகாரி ஃபைலைத் தூக்கி எறிவார். அது பரவாயில்லை, எறிந்த ஃபைலைப் பொறுக்கிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடலாம். புள்ளி நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மயிலாப்பூரில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு அடுக்ககத்திலிருந்து கணக்கெடுத்து வந்த பட்டியலில் ஒரு எண் இடித்தது. மூன்றாம் மாடி, சுந்தரராமன். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். வீடு இரண்டு மாதமாகப் பூட்டியிருந்தது. அவரும் மனைவியும் புணேயில் மகள் வீட்டில். ஆனால் மீட்டர் எழுநூறு யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தது. அவர்கள் வீட்டில் இருந்த மாதங்களில்கூட அதில் பாதிதான்.

நானே போனேன். காலை பதினொன்றரை மணி. படிக்கு அடியில் ஆறு வீட்டு மீட்டர்களும், ஏழாவதாகப் பொது விளக்குகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்குமான மீட்டரும் வரிசையாக இருந்தன. அதை ஒட்டிய இடத்தில் ஒரு கட்டில், ஒரு சாமி படம், ஒரு பிளாஸ்டிக் குடம். அது காவலாளி முனுசாமியின் வீடு. பத்து வருடமாக அங்கே இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் நின்றது. அதன் சார்ஜர் சுவரில் தொங்கியது.

மூன்றாம் மாடி மீட்டரின் விளக்கு, யாருமில்லாத வீட்டுக்காகப் பரபரவென்று மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு சின்னச் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயிற்சியின் மூன்றாவது வாரம் நினைவுக்கு வந்தது. மின்சாரம் எதிர்த் திசையில் ஓடினால் அந்தச் சிவப்பு எரியும். வயரை மாற்றிச் செருகி மீட்டரை ஏமாற்றுபவர்களுக்காக வைத்தது. அந்த வகை மீட்டர், திசை எதுவானாலும் அதையும் செலவாகவே எண்ணிவிடும், ஏமாற்ற முடியாது. அந்த வீட்டு ஃபியூஸ் கேரியரை உருவினேன். மினுக்கல் நின்றது. செருகினேன். மறுபடி ஆரம்பித்தது. ஆகவே கோளாறு மீட்டரில் இல்லை. மீட்டருக்கு அப்பால், வீட்டுப் பக்கத்து வயரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

முனுசாமி என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், எதுனா தப்பா இருக்குதா?"

"உங்க வண்டியா இது?"

"ஆமா சார். மாச தவணை. வூட்டுக்காரங்களுக்கு மார்க்கெட்டு, மருந்துன்னு போய்க்கினு இருக்கேன். மெட்ரோக்காரன் ரோட்டத் தோண்டி வெச்சப்புறம் நடந்து போனா சாயந்தரம்தான் வர முடியும்."

"சார்ஜ் எதுல போடறீங்க?"

அவர் பொது மீட்டரின் பிளக்கைக் காட்டினார். "பழைய செக்ரட்டரி ஐயா சொல்லித்தான் சார் போடறேன்."

குடியிருப்போர் சங்கத்தின் பழைய செயலாளர் அந்த வருடம் காலமாகிவிட்டார். புதிய செயலாளர் இரண்டாம் மாடி பத்மா மாமி. அவர் கையில் மோர்மிளகாய்த் தட்டுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"அப்பவே நெனச்சேன் சார். எங்காத்துக்காரர் முப்பது வருஷம் ட்வெல்வ் பி பஸ்ல தொங்கிண்டு ஆபீஸ் போனார். வாட்ச்மேனுக்கு பேட்டரி வண்டி. பூட்டின ஆத்துலேர்ந்து கரண்ட் போறதுன்னா, மீட்டர்கிட்ட படுத்துண்டிருக்கறது யாரு? நானா?"

"மாமி, நான் அந்தப் பொட்டியத் தொட்டதுகூட இல்ல" என்றார் முனுசாமி.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங் இருக்கு. அங்க சொல்லு. சார் ரிப்போர்ட் குடுக்கட்டும், படிச்சுட்டு உனக்குப் பதிலா ஏஜென்சில ஆள் போட்டுக்கறோம்."

முனுசாமி திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். வேலை போனால் வேலை மட்டும் போகாது. அந்தக் கட்டில் போட்ட இடமும் போகும். அதோடு திருட்டு என்று எழுதிவிட்டால் மயிலாப்பூரில் வேறு எந்தக் கேட்டும் அவருக்குத் திறக்காது.

மொட்டை மாடியில் சூரியப் பலகைகள் இருப்பதை நான் பார்த்தேன். எட்டு. சுந்தரராமனுடையவை. மாடி உரிமை அவருக்குத்தான். ஆனால் ஃபைலின்படி அவை இன்னும் இணைக்கப்படவில்லை. போகும் மின்சாரத்தையும் வரும் மின்சாரத்தையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீட்டர் வைத்த பிறகுதான் இணைக்க வேண்டும். பலகை பொருத்திய நிறுவனம் சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போட மறந்ததால் விண்ணப்பம் அவர்களிடமே திரும்பப் போயிருந்தது. ஆகவே அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்த மாடியில் வெயில் அடிக்கவில்லை. நானும் அலுவலகத்தைச் சேர்ந்தவன்.

புதன்கிழமை அறிக்கை எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே மாற்றாமல் தருகிறேன்: "மீட்டர் பலகையை ஒட்டிக் காவலாளி திரு. முனுசாமி வசித்து வருகிறார். அவரது மின் ஸ்கூட்டரும் சார்ஜரும் அங்கே காணப்பட்டன. முறைகேடாக மின்சாரம் எடுக்கப்பட்டிருக்கச் சந்தேகத்துக்கு இடமுண்டு." நல்ல தமிழ். ஒற்றுப் பிழைகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கை திரும்பி வந்தது. கடைசி வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி.

வரியை ஆறு முறை படித்தேன். "இடமுண்டு" என்பதை "இடமிருக்கிறது" என்று மாற்றி அனுப்பினேன். மதியம் திரும்பி வந்தது. அதே இடத்தில் புள்ளி. இம்முறை கொஞ்சம் அழுத்தமாக. மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"மேடம், சிவப்பு எரியுது. ஃபியூஸ எடுத்தா நிக்குது. வண்டி பக்கத்துலயே இருக்கு."

"ஆமாங்க. எழுதியிருக்கீங்க."

"வேற யாரும் அங்க இல்ல மேடம்."

"அந்த வண்டிக்கு ஒரு தடவ சார்ஜ் ஏத்த எத்தன யூனிட்டுங்க?"

"மூணு இருக்கும் மேடம்."

அவர் சீவல்களை ஒரு தாளில் கூட்டி, மடித்து, குப்பைக் கூடையில் போட்டார். 

படியிறங்கும்போது மனக்கணக்குப் போட்டேன். எழுநூறை மூன்றால் வகுத்தால் இருநூற்று முப்பதுக்கு மேல். அறுபது நாளில் இருநூற்று முப்பது முறை சார்ஜ். பாதியில் நின்றேன். நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு மனிதர் கேட்பது கேட்டது. நீ பாத்தியா? சார்ஜரைப் பார்த்தேன். அதை அந்த மீட்டரில் செருகியதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் மாடி மீட்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். முனுசாமி எழுந்து படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், போலீஸ் வந்திருக்கிறதா என்பதுபோல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நான் மட்டும்தான். பாக்கறதுக்கு வந்தேன்."

"இன்னாத்தப் பாக்கப் போறீங்க? அது தூங்குது சார்."

உண்மையிலேயே விளக்கு மினுக்கவில்லை. சிவப்பும் இல்லை.

"ராத்திரி எப்படி?"

"ராத்திரியும் தூங்கும். நான் தலமாட்டுல வெச்சுக்கினுதான படுக்கறேன். மத்த ஆறும் பளிச்சு பளிச்சுனு கண்ணுல அடிக்கும். இது ஒண்ணுதான் சமத்து. காலைல ஏழு ஏழரைக்கு எழுந்துக்கும். பத்து மணிக்கு மேல இன்னா ஆட்டம் ஆடும் தெரியுமா? மழ வந்தா சுருண்டுக்கும்."

"வண்டிக்கு எப்ப சார்ஜ் போடுவீங்க?"

"ராத்திரிதான் சார். பகல்ல ஓட்டணும்ல?"

முக்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.

"இத ஏன் செவ்வாக்கெழமையே சொல்லல?"

"நீங்க வண்டியப் பத்திதான கேட்டீங்க. வெளக்கப் பத்தி கேக்கலியே." பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு சொல்றேன் சார். எழுநூறு யூனிட்டுக்கு நான் கன்யாகுமரிக்கும் மெட்ராஸுக்கும் போயி வந்துகினே இருந்திருக்கணும். நான் போறது லஸ் முனை வரிக்கும்" என்றார்.

ஏழு இருபதுக்கு மீட்டர் விழித்தது. முதலில் ஒரு மினுக்கல். எண்பது வரை எண்ணிய பின் இன்னொன்று. சிவப்பு எரிந்தது. எட்டரைக்கு இருபது எண்ணினால் ஒன்று. பத்து மணிக்கு எண்ண முடியவில்லை. பதினொன்று பத்துக்குத் திடீரென்று சோர்ந்தது. முனுசாமி வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேகம்" என்று அறிவித்தார். மேகம் போனதும் மறுபடி துள்ளியது. நேரத்தை எல்லாம் குறித்துக்கொண்டேன். பலகைகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஃபைலுக்குத் தெரியாமல் அந்த மாடியில் இரண்டு மாதமாக வெயில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

புணேக்குப் போன் செய்தேன். சுந்தரராமன் மகிழ்ச்சியாகப் பேசினார்.

"ஆமாம் சார், ஆன் பண்ணித்தான் வெச்சிருக்கேன். அட்சய திருதியை அன்னிக்கு. எல்லாரும் தங்கம் வாங்க க்யூல நின்னா. நான் சொன்னேன், சூரியனையே ஆத்துக்குக் கொண்டு வரேன், அதைவிட நல்ல நாள் எது? சாஸ்திரிகள் வந்து பூஜை பண்ணி வெச்சார். மத்த ஸ்விட்செல்லாம் அணைச்சுட்டுத்தான் ஊருக்கு வந்தோம். இதை மட்டும் அணைக்கலை. நல்ல நாள்ல ஏத்தினதை அணைப்பாளோ?"

"சார், இருவழி மீட்டர் வரலையே?"

"மீட்டர் எப்போ வேணா வரும். திருதியை வருமோ?"

இப்போது கதை முழுசாகத் தெரிந்தது. ஆளில்லாத வீட்டில் விளைந்த மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போயிருக்கிறது. மீட்டர் அதை எதிர்த் திசை என்று கண்டுபிடித்து, சிவப்பை ஏற்றி, அவர் கொடுத்ததையெல்லாம் அவர் எடுத்ததாகவே எண்ணியிருக்கிறது. திருடனைப் பிடிப்பதற்காகச் செய்த கருவிக்கு, கொடுப்பவன் என்று ஒருவன் வருவான் என்பது தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதால் நான் அதைக் குறை சொல்ல முடியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிக்கு அடியிலேயே கூட்டம். நான்கு வீட்டுக்காரர்கள், பத்மா மாமி, முனுசாமி. மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார்; விடுமுறை நாளில் அவர் வந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். பத்மா மாமி பொறுமையாகக் கேட்டார்.

"மாடில வெயில் அடிச்சா கீழ பில் ஏறறதுங்கறேள்."

"ஆமா மாமி."

"அவனைக் காப்பாத்தறதுக்குச் சொல்றேள்."

ஃபியூஸை உருவிக் காட்டிப் பயனில்லை. எதை உருவினாலும் மீட்டர் நிற்கும். பலகைகளின் சுவிட்ச் இருக்கும் பெட்டியோ பூட்டியிருந்தது, சாவி புணேயில். மேடம் என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார்.

"வெயில மறைச்சாப் போதும்ங்க. பெரிய துணி எதாவது இருக்குமா?"

அங்கேதான் புடவைகள் வருகின்றன. மாமி தன் மாமியாரின் ஒன்பது கஜப் புடவைகளை மோர்மிளகாய் உலர்த்துவதற்கென்று வைத்திருந்தார். முதலில் ஒன்று எடுத்து வந்தார். அதை இரண்டாக மடித்து விரித்தபோது ஒரு வரிசைப் பலகையில் பாதி உயரம்தான் மறைந்தது. இரண்டு வரிசைகள், ஆகவே நான்கு. அரக்கு, மாம்பழ மஞ்சள், இரண்டு பச்சை. முனுசாமியும் நானும் மாடியில் விரித்தோம். காற்றில் பறக்காமல் இருக்க ஓரங்களில் மாமியின் ஊறுகாய் ஜாடிகளை வைத்தோம். கீழே மேடமும் மாமியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடையில் மாடிக்கு ஒருவராக நின்ற வீட்டுக்காரர்கள் செய்தியை மேலும் கீழும் கடத்தினார்கள்.

முதல் புடவைக்கு, "கொறையறது" என்று வந்தது. மூன்றாவதற்கு, "ரொம்பக் கொறைச்சல்." நான்காவது விரிந்ததும் சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மாமியின் குரல் நேராகவே மூன்று மாடியும் ஏறி வந்தது.

"நின்னுடுத்து."

முனுசாமி அரக்குப் புடவையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். "ஆடறது" என்றது குரல். கீழே விட்டார். "தூங்கறது." மறுபடி தூக்கினார். தேவைக்கு மேல் இரண்டு முறை தூக்கினார் என்று நினைக்கிறேன். நான் தடுக்கவில்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது மாமி மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என் மோர்மிளகாய் காயறச்சேயெல்லாம் அந்த மனுஷனுக்கு யூனிட் ஏறிண்டிருந்திருக்கு" என்றார். பிறகு முனுசாமியிடம், முகத்தைப் பார்க்காமல், "ஜாடியை ஜாக்கிரதையா எறக்கி வை. ஏஜென்சிக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னுடறேன்" என்றார்.

"சரி மாமி."

நான் எல்லார் முன்னாலும், நான் எழுதியது தவறு, பார்க்காததை எழுதினேன் என்று சொன்னேன். முனுசாமி தலையை ஆட்டினார். அதற்கு என்ன பொருள் என்று தெரியவில்லை.

விதிப்படி, இருவழி மீட்டர் வரும்வரை பலகைகளை அன்றே நிறுத்த வேண்டும். சுந்தரராமனுக்குப் போன் போட்டு, ஃபியூஸை உருவப் போகிறோம் என்றேன்.

"இன்னிக்கு அஷ்டமின்னா. நாளைக்கு நவமி. தசமிக்கு அணைச்சுக்கோங்கோ, நான் ஒண்ணும் சொல்லலை."

மேடத்திடம் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். விதியை மீறி அவர் ஒரு கையெழுத்துப் போட்டதாக வரலாறு இல்லை.

"மின்சாரம் வெளிய வராம இருந்தா சரிங்க. விதி அதத்தான் சொல்லுது. எதால மறைக்கணும்னு சொல்லல."

ஆகவே அஷ்டமியும் நவமியும் அந்தப் பலகைகள் ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு மயிலாப்பூர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோபுர தரிசனத்துக்காக எதிர் மாடியில் ஏறிய ஒருவர், இது என்ன விரதம் என்று மாமியிடம் விசாரித்தாராம். தசமியன்று காலை நல்ல நேரம் பார்த்து நான் ஃபியூஸை உருவினேன்.

புதிய அறிக்கை ஐந்து பக்கம். நேரம், மினுக்கல், மேகம், புடவை எண்ணிக்கை எல்லாம் எழுதினேன். முனுசாமியின் பெயர் ஒரே இடத்தில் வந்தது: "காவலாளி திரு. முனுசாமியின் நேரடிக் கவனிப்பால் உண்மை தெரியவந்தது." அறிக்கை திரும்பி வந்தது. ஐந்து பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. அந்த எழுநூறும் ரத்தானது.

ஆவணியில் கையெழுத்து முழுமையான படிவமும், இருவழி மீட்டரும் வந்தன. பொருத்திய அன்று நான் போயிருந்தேன். சுந்தரராமன் தம்பதி புணேயிலிருந்து வந்துவிட்டார்கள். மாமி சுண்டல் கொடுத்தார். முனுசாமி பழைய மீட்டரைப் பெட்டியில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மமேல கோவமா முனுசாமி?" என்றேன்.

"கோவம்லாம் இல்ல சார். மீட்டரு தப்பு பண்ணுச்சு, நீங்களும் தப்பு பண்ணீங்க. மீட்டர மாத்திட்டாங்க." சற்று நிறுத்தி, "உங்களத்தான் யாரும் மாத்தல" என்றார்.

நான் சுண்டலைத் தின்றேன். அவர் புதிய மீட்டரின் இரண்டு எண்களையும் குனிந்து படித்தார்.

"சார், ஒரு டவுட்டு. ஐயா வூட்ல செலவானது போக மிச்சம் வெளிய போகுதில்ல? எங்க போகும் அது?"

"ரொம்ப தூரம் போகாது. பக்கத்துல எது எரியுதோ, அங்க போய்ச் சேரும்."

"பக்கத்துலன்னா?"

நான் யோசிக்காமல், பழக்கத்தில், உள்ளதைச் சொன்னேன். "இந்த வீடுங்க, படி வெளக்கு, மோட்டார், இந்த பிளக்கு."

அந்த பிளக்கில் அவருடைய ஸ்கூட்டரின் சார்ஜர் செருகியிருந்தது. மாமி சங்கத்தின் நோட்டில் எழுதி, மற்றவர்களிடம் கையெழுத்தும் வாங்கி, முறைப்படி அனுமதி கொடுத்திருந்தார். மதியம் மூன்றாம் மாடியில் தூங்குவார்கள்; பலகைகள் உச்சத்தில் இருக்கும்; ஆகவே பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நானே யோசனை சொல்லியிருந்தேன். சூரிய மின்சாரத்தைப் பகலிலேயே செலவழிப்பதுதான் நாட்டுக்கு நல்லது என்று ஒரு விளக்கமும் கொடுத்திருந்தேன்.

முனுசாமி சார்ஜரைப் பார்த்தார். மூன்றாம் மாடி மீட்டரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார்.

"அப்ப மாமி சொன்னா மாதிரி, ஐயா வூட்டு கரண்ட்லதான் என் வண்டி ஓடுது."

"இப்ப ஓடுது. முறைப்படி."

அவர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு என் அருகில் வந்தார்.

"இத மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க சார்."

நான் ஓய்வு பெறும்வரை எழுதவில்லை.